ஹோர்ன் அடிக்காத ஊர்

மினிபஸ்ஸில் தியாகலிங்கத்தாருக்கு எப்போதும் முன் இருக்கைதான். வல்வெட்டித்துறைச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தால், றைவர் மிதிப்பதற்கு முன் இவருடைய வலது கால் தகரத்தை மிதிக்கும். அங்கே பிறேக் கிடையாது. முப்பத்தொரு வருடம் அரசாங்க பஸ் ஓட்டிய கால், ஓய்வு எடுக்க மறுக்கிறது. “ஐயா, நீங்களே வந்து ஓட்டுங்கோவன்” என்று றைவர் லக்சன் கும்பிடுவான். “உந்த ஓட்டத்துக்கு நான் காணாது, யமன்தான் வரவேணும்” என்பார்.

போன வருடம் அந்தக் கால் அமெரிக்கா போய்வந்தது. டிப்போவில் கூட வேலை செய்த மூன்று சிநேகிதர்கள் சேர்ந்து கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஸ்ரியறிங் இடப்பக்கம். ஆகவே ஆறு கிழமையும் அவர் வலப்பக்கத்தில், நியாயமாக றைவர் இருக்கவேண்டிய இடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டின்மேல் அவருக்கு முதல் கோபம் அதுதான்.

நியூஜெர்சியில் சிவரூபன். பச்சை விளக்கு விழுமுன்னே பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தான். சிவரூபன் கண்ணாடியை இறக்கி அவனுக்கு ஏதோ சொன்னான். தியாகலிங்கத்தாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “நல்ல சனம். அப்பிடியே எங்கடை ஆக்கள்.”

டெக்சாஸில் இளையதம்பி. பாண் வாங்கவும் லொறியளவு வாகனத்தில் தனியாகப் போகிறவன். எதிரே வருகிற முன்பின் தெரியாதவனுக்கும் ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டினான். “கடை கிட்டத்தான்” என்று சொல்லி ஒன்றரை மணித்தியாலம் ஓடினான். “டேய், எங்கடை ஊரிலை இவ்வளவு நேரம் ஓடினால் கடலுக்குள்ளை நிப்பம்” என்றார் இவர்.

கடைசியாக மினசோட்டாவில் கிறிஸ்ரோபர். குருநகர்க்காரர், இவருடைய பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸில் தொண்ணூறு பேரைத் திட்டியே அடைத்தவர். மனைவி இறந்தபின் தனியே இருந்தார். மகள் அருந்ததி வேறு நகரத்தில்.

அந்த ஊரில் நாற்சந்திக்கு முதலில் வந்தவர் முதலில் போகவேண்டும். ஆனால் எல்லாரும் “நீங்கள் போங்கோ” என்று கை காட்டினார்கள். கிறிஸ்ரோபர் எல்லாரையும் மிஞ்சினார். எதிரே, பக்கத்தில், பின்னால் என்று அத்தனை வாகனமும் போய்த் தெரு வெறுமையாகும்வரை நின்றார். ‘இவனுக்கு இந்த வயதில் மரியாதை எங்கிருந்து வந்தது?’ என்று தியாகலிங்கத்தார் இரண்டு நாளாக யோசித்தார்.

மூன்றாம் நாள் காலை, சந்தியில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிறிஸ்ரோபர் வண்டியை எடுத்தார். வலப்பக்கத்தால் பிள்ளைகளோடு மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

“நிப்பாட்டடா!”

ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது. பஸ் றைவர் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. கையைக் காட்டிவிட்டுப் போனான். கிறிஸ்ரோபர் மெல்ல ஊர்ந்து போய்த் தெருவோரம் நிறுத்தினார்.

“ஒரு பஸ்ஸையே காணாமல் விட்டனியோ?”

“இரண்டு பக்கமும் இருட்டு, மச்சான். குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரி நேரே மட்டுந்தான் தெரியுது.”

“எவ்வளவு காலமாய்?”

“ஒரு வருசம் வரும். இஞ்சை எவ்வளவு நேரம் நிண்டாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். சிவரூபன்ரை ஊரெண்டால் முதல் நாளே பிடிபட்டிருப்பன்.”

தியாகலிங்கத்தாருக்குச் சிரிப்பு வந்தது. வலது கால் மட்டும் இன்னும் தரையை மிதித்தபடியே இருந்தது.

“அருந்ததிக்குச் சொல்லிப்போடாதை. கார்த் திறப்பை வாங்கிப்போட்டு என்னைத் தன்ரை வீட்டிலை கொண்டுபோய் இருத்திப்போடுவாள்.”

“நான் சொல்லமாட்டன். நீயே சொல்லு. இப்பவே.”

கிறிஸ்ரோபர் கொஞ்சநேரம் அவரை ஏசினார், பழைய கண்டக்டர் பாஷையில், ஒரு சொல் விடாமல். பிறகு போனை எடுத்து மகளிடம் சொன்னார். கூட்டிப்போக வரச் சொன்னார்.

இருவரும் காரைவிட்டு இறங்கினார்கள். தியாகலிங்கத்தார் சுற்றிவந்து கிறிஸ்ரோபருக்குப் பக்கத்தில் நின்றார். கிறிஸ்ரோபர் காரைப் பூட்டி, “இந்தா, பிடி” என்று திறப்பை நேரே, ஆளில்லாத வெளியை நோக்கி நீட்டினார்.

தியாகலிங்கத்தார் சத்தம் கேட்காமல் இரண்டு அடி நகர்ந்து, அந்தக் கைக்கு நேரே போய் நின்று வாங்கிக்கொண்டார்.