எல்மர் கோசிக்கின் டிரம்

ஆர்ன்டல் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் டிரம்மும் பியூகிள் என்னும் ஊதுகொம்பும் சேர்ந்த அணியில் எல்மர் கோசிக் முப்பத்தொரு வருடம் டிரம் அடித்தான். மூன்றாம் வருடமே விட்டுவிட இருந்தான் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் நாற்பத்தாறில் தொடங்கிய அணி அது. பகலில் எல்லோரும் காகித ஆலையில் வேலை பார்ப்பார்கள். மாலையானால் ஆலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நடை பழகுவார்கள். அணித் தலைவர் ஆர்வில், போட்டிகளில் ஒரு தப்புக்குப் பத்தில் ஒரு புள்ளி குறைக்கும் நடுவர்களைப் பார்த்துப் பார்த்து, அவரும் நடுவராகவே ஆகிவிட்டார். காபி சிந்தினாலும் "போச்சு, பத்துல ஒண்ணு!" என்பார்.

நாற்பத்தெட்டு அக்டோபரில், போரில் இறந்த ஊர்ப் பையன் நெல்ஸ் ஹாகனின் உடல் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தது. இறந்து நாலு வருடம் கழித்து வந்த பிள்ளையை அடக்கம் செய்ய அணிதான் போயிற்று. டிரம்மின் அடித்தோலில் நரம்புகள் இழுத்துக் கட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன விசை. அதைத் தளர்த்தினால் டிரம் மந்தமாக ஒலிக்கும், ஏற்றினால் சடசடக்கும். கல்லறைக்குப் போகும்போது தளர்த்தி அடிப்பது, திரும்பும்போது ஏற்றி அடிப்பது வழக்கம். திரும்பும் நடையை எல்மர்தான் தொடங்கிவைக்க வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று, போகும் நடையை அடித்து முடித்ததுமே, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே அவன் விசையை ஏற்றிவிட்டான்.

நாலு தப்படி தள்ளி நின்ற பியூகிள்காரன் இறுதி ஊதலைத் தொடங்கினான். அந்த ஒலியில் நரம்புகள் அதிர்ந்து, குச்சி படாமலேயே எல்மரின் டிரம் 'ர்ர்ர்' என்று முனகியது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முனகல். அந்த அமைதியில் விசையைத் தட்டினால் அது வேறு 'டக்' என்று கேட்கும். தொட்டாலும் தப்பு, விட்டாலும் தப்பு. இருபத்துநான்கு சுரமும் முடியும்வரை வியர்த்து வழிய நின்றான். நெல்ஸின் தாய் ஒருமுறை தலையைத் திருப்பி டிரம்மைப் பார்த்தார்.

ஆர்வில் அன்று புள்ளி எதுவும் குறைக்கவில்லை. எல்மருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஹாகன் வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டே ஆலைக்குப் போனான். கேலிக்குக் குறைவில்லை. "டேய், இவன் டிரம்ம பாத்து இருமாதீங்கடா, பதில் சொல்லும்" என்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். ஒரு தாய்க்கு இருந்த கடைசி ஐந்து நிமிடத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. மே மாதம், வீரர் நினைவு நாளுக்கு முந்தின வாரம், டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிடச் சங்கக் கூடத்துக்குக் கொண்டுபோனான்.

உள்ளே மகளிர் பிரிவினர் நினைவு நாளுக்கான காகிதப் பூக்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருமதி ஹாகனும் இருந்தார்.

"எங்கப்பா தூக்கிட்டுப் போற அத?"

"திருப்பிக் குடுக்கலாம்னு... அம்மா, அன்னிக்கி சத்தம் போட்டது என் டிரம்தான்."

"தெரியும். பாத்தேனே. அதுக்கா?"

"உங்கள எப்படி ஏறெடுத்துப் பாக்குறதுன்னு தெரியலம்மா."

அவர் பூவைக் கீழே வைத்தார். "நெல்ஸ் சர்ச்சுல ஒருநாளாவது வாய மூடி உக்காந்ததுண்டா? பாதிரியார் ஜெபம் பண்ணுவாரு, இவன் பக்கத்துல முனகிட்டே இருப்பான். நான் தொடையில கிள்ளுவேன். அன்னிக்கி பெட்டிய பாத்தேன். மூடி ஆணி அடிச்ச பெட்டி. உள்ள என் புள்ளதானான்னே எனக்குத் தெரியல. அப்பதான் அந்தச் சத்தம் வந்துது. இவன்தான்னு நெனச்சேன்."

மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஆர்வில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத எங்கயும் குடுக்காத. திங்கக்கெழம அதோட நெல்ஸ்கிட்ட வா" என்று சொல்லிவிட்டு, திருமதி ஹாகன் மறுபடியும் பூவை எடுத்துக்கொண்டார்.

நினைவு நாளான திங்கட்கிழமை அணி மந்தமான டிரம்மோடு கல்லறைக்குப் போயிற்று. வழக்கமாகக் கொடிமரத்தடியில்தான் ஊதுவார்கள். அன்று ஆர்வில், காரணம் சொல்லாமல், அணியை நெல்ஸின் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எல்மர் விசையை ஏற்றினான். 'டக்' என்று எல்லோருக்கும் கேட்டது. காபித் துளிக்கே புள்ளி குறைக்கும் மனிதர் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூகிள் ஊதியது. டிரம் முனகியது.

திருமதி ஹாகன் கல்லின் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"உஷ்" என்றார். "சும்மா இருடா, நெல்ஸ்."