நான்கு கறுப்பு வயர்கள்

கரண்ட் மாமாவின் பெட்டி காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. அவருடைய அக்கா நடத்தும் விடுதியில் தங்கியிருந்த நூற்றிருபது பேருக்கும், கரண்ட் வேலையெல்லாம் பார்க்கும் அவர் மாமாதான். மனைவி போன துக்கத்தில், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

இன்று இரண்டு மணிப் பஸ்ஸில் மகள் வீட்டுக்கே ஒரேயடியாகப் போகிறார்.

"நாலு தடவை ஏமாத்திட்டீங்கப்பா. இந்தத் தடவையும் வரலேன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

பதினொன்றரைக்கு அக்கா இருமிக்கொண்டே ஓடி வந்தாள்.

"தம்பி, சமையலறை பூரா புகை! அந்தப் புகை இழுக்கிற ஃபேன் உறுமிட்டு நின்னு போச்சு."

"புது எலக்ட்ரீஷியன் இருக்காரேக்கா?"

"இருக்காரு. ஃபேனாவது உறுமிச்சு, அவரு அதுகூட இல்ல."

உள்ளே, புது எலக்ட்ரீஷியன் ஸ்டூல் மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"சுவிட்சைத் துடைக்கலாம்னு கழட்டினேன் மாமா. மோட்டார்லேருந்து நாலு வயர் வருது, நாலும் கறுப்பு! ஒரே பிரசவத்துல பொறந்த மாதிரி."

"நுனியில முடிச்சு இருக்குமே?"

"அதை நம்பித்தான் மாட்டினேன். ஒரு முடிச்சு மெதுவு, ரெண்டு நடு, மூணு வேகம். முடிச்சு இல்லாதது நியூட்ரல். ஒண்ணாம் நம்பர்ல வச்சா பேய் புடிச்ச மாதிரி சுத்துச்சு. மத்த ரெண்டுலயும் உறுமல். இப்ப சூடேறி எதுலயும் அசையல."

மாமாவுக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன் இந்த மோட்டாரை மாட்டியபோது, மிச்சமிருந்த கறுப்புச் சுருளிலேயே நான்கு வயரையும் இழுத்தவர் அவர்தான். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை முதலில் மாட்டுவது அவர் வழக்கம். அதற்கு ஒரு முடிச்சு. மெதுவுக்கு இரண்டு, நடுவுக்கு மூன்று. வேகத்துக்கு ஒன்றும் இல்லை. யாருக்கும் சொன்னதில்லை. "என் தம்பி இல்லேன்னா இந்த வீடு ஓடாது" என்று அக்கா நாலு பேர் நடுவில் சொல்லும்போதெல்லாம், ஆளில்லாத அவர் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அந்தக் குளிர்ச்சிக்காகவே சொல்லாமல் இருந்தார்.

மெயினை அணைத்தார். வயர்களைப் பிரித்து, மீட்டர் முனைகளை இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தார். மோட்டாருக்குள் இருக்கும் சுருள் கருகவில்லை. சரியாக மாற்றி மாட்டிவிட்டு, மோட்டார் ஆறட்டும் என்று அரை மணி நேரம் எண்ணெய்ப் பிசுக்கோடு காத்திருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு சுவிட்சைத் திருப்பினார். மெதுவு, நடு, வேகம். மூன்றும் சுற்றின. புகை மேலே ஏறியது.

கை கழுவினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"மாமா, தண்ணி மோட்டாரு, குளிர் அறை, காலிங் பெல், அங்கெல்லாமும் இதே முடிச்சுக் கணக்குத்தானே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

மாமா துடைத்த துணியைக் கீழே வைத்தார். இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. போன வாரத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தண்ணீர் மோட்டார் என்றைக்காவது எரியும், அக்கா அழுதுகொண்டே போன் செய்வாள், தான் ஓடி வரலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிவிட்டு, ஒரு கதவு வைக்க மறந்த கொத்தனார் அவர்.

"வெள்ளை டேப்பும் பேனாவும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டு மணிக்கு அவர் மாடியில், தண்ணீர் மோட்டார் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். இரண்டு கையிலும் முடிச்சவிழ்த்துப் பிரித்தெடுத்த வயர்கள். விட்டால் எது எதுவென்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். சட்டைப் பையில் போன் அடித்தது. எலக்ட்ரீஷியன் எடுத்து அவர் காதில் வைத்தார்.

"ஏறிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா."



"அந்த வீட்டுல இன்னும் எத்தனை வயர்ப்பா இருக்கு?"

இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் எண்ணியதில்லை. கண்ணை மூடி ஒவ்வொரு அறையாக நடந்து வந்தார்.

"முப்பத்தியொண்ணு" என்றார்.

மகள் போனை வைத்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"இது என்னன்னு எழுத, மாமா?"

"நியூட்ரல்னு எழுதுங்க, இன்னும் முப்பது இருக்கு" என்று மாமா அந்த வயரை நீட்டினார்.