வண்டியில் ஒரு கோளாறும் இல்லை

பட்டறையில் அவரை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்குவார், ஒரே வார்த்தை சொல்வார். "பம்பு." "கிளட்ச்." அதுதான் தீர்ப்பு, அப்பீலே கிடையாது. சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைத்ததால் மனிதருக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. அதோடு அந்த வாய் வேறு. அப்பப்பா! ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே ஓட்டி வந்துவிட்டு, புகை வருகிறது என்று பதறிய ஒரு கிழவரை, "ஏன் பெரியவரே, வீட்டுக் கதவைத் திறந்துட்டுதானே வெளியில வந்தீங்க?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அந்தக் கிழவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த வாயிடம்தான் கூடப் பிறந்த தங்கை தன் டீசல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

தங்கை நர்ஸ். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. வீடுகள் எல்லாம் மலைச்சரிவில் சிதறிக் கிடந்தன. சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. அவளுக்கு அது உயிர். கணவனுக்கோ அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்ல வாய்ப்பில்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டி திடீர்னு செத்துப்போகுது," என்றாள். "மேட்டுல ஏறும்போது முழுசா அமுக்கினாலும் இழுக்க மாட்டேங்குது. ஓரமா நிறுத்தி, ஆஃப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

ஜட்ஜ் தனியாக ஏறி, பெரிய ரோட்டில் ஒரு சுற்று பறந்துவிட்டு வந்தார்.

"கால்," என்றார்.

"என்னது?"

"கோளாறு கால்ல இருக்கு. இது டர்போ வண்டி. மேடு வந்தா கியரைக் குறைச்சு மிதிக்கணும். தையல் மிஷின் மாதிரி சும்மா தட்டிக்கிட்டே இருந்தா ஓடாதும்மா."

டிங்கர் வேலை பார்ப்பவரும் எலக்ட்ரீஷியனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கையும் சிரித்து வைத்தாள், பாவம், வேறென்ன செய்வாள்?

ஆனாலும் விடவில்லை. கொஞ்ச நாளில் திரும்ப வந்தாள். ஜட்ஜ் அலுத்துக்கொண்டே ஸ்கேனரை மாட்டினார். டர்போ காற்றழுத்தம் குறைந்ததாக ஒரு பதிவு இருந்தது. "பெரிய கியர்ல மேடு ஏத்தினா இப்படித்தான் காட்டும்," என்று அதை அழித்துவிட்டார்.

"இழுவை போறதுக்கு முன்னாடி புஸ்ஸுனு ஒரு சத்தம் வருதுண்ணா."

"உள்ள பாம்பு ஏதாவது குடித்தனம் வந்திருக்கும். வாடகை கேட்டு வாங்கு."

மறுபடியும் சிரிப்பு. தங்கை முகம் சிவந்து போனது. "கிண்டல் பண்ணாதண்ணா. தனியா போனா ஒண்ணும் ஆகறதில்ல. நானும் இன்னொரு நர்ஸும் ஆக்சிஜன் சிலிண்டர், மடக்குக் கட்டில், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு மேல போறப்பதான் வருது. ஒரே ஒரு தடவை எங்ககூட வந்து உட்காரு. நீயே பாத்துடுவ."

"நோயாளியானா வரேன், போ."

கூடப் பிறந்தவள் வாய்விட்டுக் கேட்கிறாள், கூடப் போய் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? ஜட்ஜுக்குக் குறைந்துவிடும். காரில் கோளாறு இல்லை என்று ஊர் சிரிக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் போய்ப் பார்த்தால், தன் சொல்லில் தனக்கே சந்தேகம் வந்தது என்று ஆகிவிடாதா?

அடுத்த வாரம் மலை ரோட்டில், செங்குத்தான ஏற்றத்தில் கார் செத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்தும் லாரி நிற்கவில்லை. பம்பர் நசுங்கியது, டிக்கி உள்ளே போனது. உள்ளேயிருந்த சிலிண்டர் உருண்டு கூட வந்த நர்ஸின் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. தங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அழுதாள்.

அன்று மாலை அவள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் இத்தனை நாள் முழுங்கியதை எல்லாம் மொத்தமாகக் கக்கினார். கடைசியில் ஜட்ஜ் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். வண்டியா, இவளா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை, 'இன்னும் ஒருமுறை பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல மாப்பிள்ளை. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்."

கணவர் மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பம்பர் வேலைக்காகக் கார் பட்டறைக்கு வந்தது. வேலை முடிந்ததும், திருப்பிக் கொடுப்பதற்கு முன், பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்திருந்த கியர்பாக்ஸையும் இரண்டு எஞ்சின் ஹெட்டுகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஜட்ஜ் கிளம்பினார். நல்ல வெயில். வண்டி பாரத்தில் பின்பக்கம் அமுங்கிப்போயிருந்தது. மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பார். புஸ் என்றது.

அப்புறம் கால் எவ்வளவு அமுக்கியும் பலனில்லை. கியரைக் குறைத்து மிதித்தார். அவர்தான் உலகத்துக்கே பாடம் நடத்தியவராயிற்றே! ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஜட்ஜுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. எப்படியோ ஓரம் கட்டி, ஆஃப் செய்து, திரும்ப ஸ்டார்ட் செய்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். வண்டிக்கு அடியில் படுத்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் ஹோஸ், கிளிப்புக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் எண்ணெய் கசிந்து பளபளத்தது. கழற்றிக் கையால் பிழிந்தார். விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. விட்டார். மயிரிழைகூடத் தெரியாமல் மூடிக்கொண்டது. சூடும் பாரமும் ஏறி, காற்றழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கிற பிளவு. தங்கை ஒவ்வொன்றையும் புட்டுப் புட்டு வைத்திருந்தாள்.

ஜட்ஜ் போனை எடுத்தார், அவள் பெயர் வரைக்கும் போனார். அங்கேதான் மாப்பிள்ளை முகம் நினைவுக்கு வந்தது. முறிந்த தோளோடு கிடக்கும் அந்த நர்ஸின் வீட்டார் நினைவுக்கு வந்தார்கள். 'இரண்டு தடவை பார்த்தீங்களே, என்னத்தைப் பார்த்தீங்க?' என்று கேட்டால்? ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை உள்ளே வைத்தார்.

புது ஹோஸை மாட்டினார். பழையதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பை டிரம்மின் அடியில் திணித்தார். எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் போகவில்லை.

மாப்பிள்ளை கையில் கார் பறந்தது. குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு மலை ஏறியது, ஒரு தடவைகூட முனகவில்லை. "பாத்தீங்களா மச்சான், அதே வண்டி, அதே ரோடு," என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். ஜட்ஜ் தலையாட்டினார். தங்கைக்கு நோயாளிகளைப் பார்க்கும் வேலை போய், ஆஸ்பத்திரியில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலைதான் மிச்சமானது. முதலில் அண்ணனிடம் பேசாமல் இருந்தாள். அந்த ஒரு கோபம் இருந்தவரைக்கும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பிறகு கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஏற்றங்களில் ஏறி ஏறி, அவள் கோபமும் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வந்ததும் வராததுமாக மாமனைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க. அம்மா வேணவே வேணாங்குறாங்க."

"வேணாம்டி," என்றாள் தங்கை. குரலில் சண்டையே இல்லை. "என் காலால ஒருத்தி தோள் போச்சு. இன்னிக்கும் அவளால கையைத் தூக்கித் தலை சீவ முடியல. எனக்கு வராதது உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? நம்பலைன்னா மாமாவையே கேளு. மூடி மறைக்காம என்கிட்ட அப்பவே சொன்னது அவர் ஒருத்தர்தான்."

டிங்கரும் எலக்ட்ரீஷியனும் வேலையை நிறுத்திவிட்டு ஜட்ஜின் வாயைப் பார்த்தார்கள், ஏதாவது நக்கல் வரும் என்று. மகள் கெஞ்சுகிற கண்ணோடு நின்றாள். அந்த ஹோஸ் விஷயம் அவர் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு நொடி நின்றிருந்தால் வெளியே விழுந்திருக்கும்.

"அம்மா சொல்றதைக் கேளும்மா," என்றார்.

பெண்ணின் முகம் தொங்கிப்போனது. தங்கை அவள் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூட்டிக்கொண்டு போனாள்.