தார்ப்பாய் படபடத்தால் பிங் ஏறும்

பிங் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி விளையாட்டில் நான் பொத்தானை அழுத்திய சேதி, எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. முப்பது மில்லி விநாடியில் நின்றால் நான் ராணி. முந்நூறுக்கு எகிறினால், நான் குறி பார்ப்பதற்குள் என்னைச் சுட்டுவிட்டு எதிராளி டீ குடிக்கப் போய்விடுவாள்.

அந்த அறுவடைச் சமயத்தில் எனக்கு முந்நூறுக்குத்தான் எகிறிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படி இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். காலையில் சாதுவாக இருக்கும், பொழுது சாய்ந்தால் பேயாட்டம். எங்கள் பெண்கள் குழுவின் தலைவி கோயம்புத்தூர்க்காரி, பட்டென்று பேசுகிறவள். "ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குள்ள நெட்டைச் சரி பண்ணு. இல்லன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவேன், கோவிச்சுக்காத" என்றாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விடுவேனா?

கேபிள்காரர் வந்தார். சாயங்காலம் காற்றடித்தால் கோளாறு வருகிறது என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவரும் தென்னை மரத்தில் தொங்கிய வயரை இழுத்துக் கட்டி, "இனிமே புயலே வந்தாலும் அசையாதுங்க" என்றார். அன்று சாயங்காலமே காற்று வந்தது, பிங்கும் எகிறியது. வந்த ஆத்திரத்துக்கு மவுஸை விட்டெறிந்திருப்பேன். புது மவுஸ், மனசு வரவில்லை.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டர் வரைக்கும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. ரூட்டரைத் தாண்டும் இடத்தில்தான் நெரிசல். அப்படியென்றால் எங்கள் வீட்டிலிருந்தே ஏதோ ஒன்று மூட்டை மூட்டையாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. எது எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் ரூட்டரின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அட கொடுமையே, களத்துக் கேமரா!

கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை, வீட்டுக்கு எதிரே களத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். அதைக் காவல் காக்க அப்பா வாங்கி மாட்டிய கேமரா அது. எது அசைந்தாலும் படம்பிடித்து உடனே இணையத்தில் ஏற்றிவிடும். காற்றில் தார்ப்பாய் படபடத்தால், அதற்கு அதுவும் திருடன்தான்.

நினைத்தால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அப்பா, தார்ப்பாயை ஒதறுங்க!"

"எதுக்கு பாப்பா?"

"ஒதறுங்களேன்!"

உதறினார். முந்நூறு. விடச் சொன்னேன். முப்பது. மறுபடி உதறச் சொன்னேன், மறுபடி முந்நூறு! நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் வந்து, "நல்லாத்தானே இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "அப்ப கேமராவைக் கழட்டிரட்டுமா?" என்றார். ஒரு போகத்து உழைப்பு மொத்தமும் அங்கே குவிந்து கிடக்கிறது. அந்த மனிதர் இப்படிக் கேட்டதும் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா, நான் பாத்துக்கிறேன்."

கேமரா இவ்வளவுதான் அனுப்பலாம், அதற்குமேல் கூடாது என்று ரூட்டரில் அதற்கு ஒரு கட்டுப்பாடு போட்டேன். அப்பா திரும்ப உதறினார். பிங் முப்பதிலேயே நின்றது. கேமராவில் நெற்குவியலும் தெளிவாகத் தெரிந்தது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததிலிருந்தே காற்று சுழற்றியடித்தது. சாயங்காலம் மேட்ச். கடைசிச் சுற்றில் எங்கள் ஆட்கள் எல்லாரும் விழுந்துவிட, எதிரே இருவர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. பிங் அசையவே இல்லை. ஒருத்தியைச் சுட்டேன். திரும்பி மற்றவளையும் சுட்டேன். தலைவி காது கிழியக் கத்தினாள்: "உன் இடம் உனக்குத்தான்டி!"

அப்பாவிடம் சொல்ல வெளியே ஓடினேன். அவர் களத்தில் நெற்குவியலோடு ஒட்டிக் குந்தி, தார்ப்பாயின் முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் தூசி.

"இதை ஏம்ப்பா பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? அதான் சரி பண்ணியாச்சே!"

"நீ பண்ணிட்ட, தெரியும். எனக்கு உள்ள உக்கார முடியல. ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சுப்பா."

பிடித்த பிடியை விடாமலே அத்தை வீட்டுப் பக்கம் திரும்பி, "நாங்க ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன்.