சாவி போட்டால் மட்டும் ஓடும் ஃபேன்

முடிச்சூர் ரோட்டில் ஜோனத்தானைப் போல வண்டிக்கு வயரிங் செய்கிற ஆள் கிடையாது. அவரைப் போலப் பிடிவாதக்காரரும் கிடையாது. ஒரு பல்பை மாற்றக்கூட டெஸ்டரை வைத்து மூன்று தடவை பார்ப்பார். இருபது வருடமாகக் கால் டாக்சி ஓட்டுகிற எனக்கு அவ்வளவு பொறுமை எங்கே இருக்கிறது?

போன வாரம் நான்கு சுவிட்ச் உள்ள பேனல் ஒன்றை வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். பின் சீட் ஃபேன், சார்ஜர், விளக்கு எல்லாவற்றையும் அதில் இணைக்க வேண்டும். ஜோனத்தான் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தார்.

"டைரக்டா குடுத்துடுப்பா. வண்டலூர் ஜூ வாசல்ல மணிக்கணக்கா வெயிட்டிங்ல கிடக்கிறேன். சாவி இல்லாமலே ஃபேன் ஓடணும்."

"முடியாதுண்ணா. சாவி போட்டா கரண்ட் வர்ற ஃபியூஸ்லேர்ந்துதான் எடுப்பேன்."

"வண்டி என்னுதுப்பா."

"உங்களுதுதான். வேற கடை கீது, போய்க்கோங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பேனலைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அதற்குள் அவர் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கடையோரம் தூசி படிந்து நின்ற தன் வேனைக் காட்டினார்.

"அதுல டைரக்டாதான் குடுத்தேன். டெபோராவுக்காக."

டெபோரா அவர் மனைவி. கொஞ்சம் வெக்கை இருந்தாலும் தாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இவர் ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை வேனில்தான் காத்திருப்பார். அதற்காகச் சாவி இல்லாமலே ஓடும்படி பின் சீட்டில் ஒரு ஃபேன் வைத்துக் கொடுத்தார் ஜோனத்தான். "உங்களைக் கட்டிக்கினதுக்கு இதாவது கெடச்சுதே" என்று டெபோரா சிரித்தாராம்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபேனை யாரும் அணைக்கவில்லை. வீட்டு வாசலில் வேனை நிறுத்திப் பூட்டிய ஜோனத்தானும் கவனிக்கவில்லை. இரவெல்லாம் ஓடி பேட்டரியைக் குடித்துவிட்டது. மறுநாள் காலை டெபோராவுக்கு நெஞ்சுவலி. பின் சீட்டில் படுக்க வைத்துச் சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கால்வாய்க்காக வெட்டிப்போட்ட தெரு. வேனைத் தள்ளவும் முடியவில்லை, ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் வழியில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தெருமுனைவரை தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"நீ சொல்ற மாதிரியே குடுப்பா" என்றேன்.

வேலையை முடித்துச் சாவியைப் போட்டார், ஃபேன் ஓடியது. எடுத்தார், நின்றது. மூன்று தடவை பார்த்தார். கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போதுதான் மீதியைச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"வண்டி எடுக்கலன்னதும், 'ஏங்க, நான்தான் ஃபேனை அணைக்க மறந்துட்டேன், கோச்சுக்காதீங்க'ன்னா. அவ இன்னா தப்பு பண்ணா? ஒயர் குடுத்தவன் நானு. அதைச் சொல்லியிருக்கலாம். வண்டியையே பாத்துகினு, 'சும்மா இருடி'ன்னுட்டேன். சும்மாவே ஆயிட்டாண்ணா."