எந்த ஜன்னலில் தட்டினாள்?

எங்கள் அண்ணி வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். "பூட்டு கையோட வந்துடப் போகுது அண்ணி" என்று நான் கிண்டலடிப்பேன்.

வேலையிலும் இதே கதைதான். ஒரு நர்சிங் கல்லூரியின் இணையதளத்தை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். மவுஸைத் தொடமாட்டாள், கறுப்புத் திரையில் வரி வரியாகக் கட்டளை தட்டுவாள். தளம் படுத்துவிட்டால் பழைய நகலிலிருந்து மீட்க வேண்டுமே, அதை ஒத்திகை பார்க்கவென்றே ஒரு போலித் தளம் வைத்திருந்தாள். அதில் மீட்பதற்கு முன்னால்கூட, இருப்பதை ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வரி.

"குப்பைக்கு எதுக்கு அண்ணி காப்பி?" என்பேன். சிரிப்பாள், ஆனால் எடுப்பாள்.

அன்று கல்லூரியில் சேர இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். என் மகள் காலையில்தான் விண்ணப்பித்திருந்தாள். கூட்டம் தாங்காமல் தளம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணி மதியமே ஒத்திகையில் இறங்கினாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தட்டும் சத்தம் நின்றது.

"ஜன்னல் மாறிப் போச்சு." என்றாள் அண்ணி.

திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று போலித் தளத்துக்கு, மற்றது நிஜத்துக்கு. நேற்றைய நகலை நிஜத்தின்மேல் ஏற்றிவிட்டாள். காலையிலிருந்து வந்த விண்ணப்பங்கள் ஒன்றுகூட இல்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன அண்ணி இது! என் பொண்ணோடதும் அதுலதானே இருக்கு!"

அவள் நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டாள். "மீட்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்தேன். எந்த ஜன்னல்லன்னுதான் ஞாபகம் இல்ல. போலியில எடுத்திருந்தா எல்லாம் போச்சு. இதுலயே எடுத்திருந்தா பிழைச்சோம். நீ பாரு, எனக்குத் தைரியம் இல்ல."

குனிந்து பார்த்தேன். மீட்கச் சொன்ன வரிக்கு நேர் மேலே, அதே ஜன்னலில், நகல் எடுத்த வரி இருந்தது. தப்பையும் முழுசாகப் பண்ணியிருந்தாள் புண்ணியவதி.

"இதுலதான் அண்ணி, இதுலதான்!"

உடனே மீட்பாள் என்று பார்த்தால், அந்தப் பாழாய்ப்போன தளத்தையும் முதலில் ஒரு நகல் எடுத்தாள்.

"இதுக்குமா?"

"நடுவுல எந்தப் பொண்ணாவது விண்ணப்பம் போட்டிருந்தா?"

ஜன்னலின் தலைப்பை விரல் வைத்துப் படித்துவிட்டு எண்டரைத் தட்டினாள். விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. என் மகள் பெயரைக் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு உயிரே இல்லை. நடுவில் வந்திருந்த ஒருத்தியுடையதையும் எடுத்துச் சேர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணி அழ ஆரம்பித்தாள்.

"அதான் எல்லாம் வந்துருச்சே, இப்ப எதுக்கு அழறீங்க?"

"அப்பவே அழுதிருந்தா திரை தெரிஞ்சிருக்காதேம்மா" என்றாள்.