ஆன்டோவின் பேச்சு எந்தப் பக்கம்?

“தங்கச்சிமடம் வாழ் பெருமக்களே, சட்னி இன்னும் வந்து சேரவில்லை!” இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து மனைவி ஜாஸ்லினுக்கு அறிவிக்கிறார் ஆன்டோ. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் ஊர் ஊராக ஜவுளிக்கடை விளம்பரம் சொல்வது அவர் தொழில். வலிப்பு உண்டு என்பதால் வண்டியை ஓட்டுவது பாக்கர் ஆகிய நான். ஆன்டோ மைக்கோடு பின்னால்.

மாத்திரை கேட்காமல் போனதும் மதுரையில் மூளை அறுவை சிகிச்சை என்றார்கள். கோளாறு இடப்பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான்.

“வெட்டுறப்ப பேச்சையும் சேத்து வெட்டிப்புட்டா? வலிப்போடயே இருந்துட்டுப் போறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார் ஆன்டோ. “நீங்க இடக்கைக்காரர். பேச்சு வலப்பக்கம்கூட இருக்கலாம். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்” என்று உட்காரவைத்தார் டாக்டர் சத்யப்பிரியா.

நினைவைச் சோதிக்க ஒரு கதை சொன்னார்: ஒருத்தி சந்தையில் பையைத் தொலைக்கிறாள். திருப்பிச் சொன்ன ஆன்டோ ஒரு விவரத்தையும் விடவில்லை. புதுப் பை வாங்க அவள் நாடவேண்டிய கடையையும் ஆடித் தள்ளுபடியையும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, இடப்பக்க மூளையை மட்டும் சில நிமிடம் உறங்கவைத்தார்கள். தூக்கியிருந்த வலக்கை தொப்பென்று விழுந்தது. டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார்.

“குடை. மூணு மடிப்பு. மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்.”

சீப்பு, சாவி, பூனை என்று வரிசையாக விற்றுக்கொண்டே போனார்.

“பூனைய எதுக்கு விக்கிறீங்க?”

“ஒங்க வீட்ல எலி இல்லையா டாக்டர்?”

மருந்து தெளிந்த பிறகும் எல்லாப் படங்களும் நினைவிருந்தன. அடுத்து வலப்பக்கத்தை உறங்கவைத்தார்கள். இடக்கை விழுந்தது. வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே என் பக்கத்தில் நின்ற ஜாஸ்லின், “மாதாவே, பேச்ச நிப்பாட்டிப்புட்டாகளே!” என்று கதற, உள்ளே டாக்டர் சந்தோஷத்தில் கைதட்டினார். பேச்சு வலப்பக்கம். இடப்பக்கம் தாராளமாகக் கத்தி வைக்கலாம்.

நாக்கு திரும்பியதும் ஆன்டோ சொன்னார்: “அழுவாத ஜாஸ்லினு. சர்வீசுக்கு விட்ருந்தாக.”

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் கண்மூடாத ஜாஸ்லின், ஆன்டோவின் தோளில் சாய்ந்து வாய்பிளந்து தூங்கினார். உச்சிப்புளியில் ஏறிய எங்கள் ஊர்த் தவசி படியிலிருந்தே கத்தினார்: “ஏலே ஆன்டோ, டாக்டர் என்னலே சொன்னாக?”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆன்டோ உதட்டின் மேல் விரலை வைத்தார்.